அடுக்குச் சோப்பு பிரியாமல் ஒட்ட

சோப்பு பேஸை (உருக்கி அச்சில் ஊற்றும் ஆயத்த சோப்புக் கட்டி) உருக்கி ஊற்றிய முதல் அடுக்கின் மேல் ஆடை படிந்து, தொட்டால் இன்னும் சூடு தெரியும்போதே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மேற்பரப்பு நனையும்படி ஸ்பிரே செய்து, அடுத்த அடுக்கை 50–55 டிகிரி செல்சியஸில் ஊற்றுங்கள். ஆல்கஹால் மேலே நிற்கும் குமிழிகளை உடைத்து, இரண்டு அடுக்கும் நேராக ஒட்ட வழி செய்கிறது. இல்லாவிட்டால் வெட்டும்போதே கழன்றுவிடும். சூடு அதிகமானால் கீழ் அடுக்கு உருகி நிறம் கலங்கிவிடும், அவசரப்படாதீர்கள். லாவெண்டர் எண்ணெயை ஊற்றுவதற்குச் சற்று முன் கலக்குங்கள், 100 கிராம் பேஸுக்கு 1–2 கிராம் போதும். கொதிக்கும் பேஸில் விட்டால் மணம் ஆவியோடு போய்விடும்.

கீழ் அடுக்கு முழுக்க ஆறி இறுகியிருந்தால் ஸ்பிரே மட்டும் போதாது, முள்கரண்டியால் கீறிவிட்டு ஊற்றுங்கள். அடுப்பு எரியும்போது ஸ்பிரே வேண்டவே வேண்டாம். காஸ்டிக் சோடாவும் எண்ணெயும் கலந்து செய்யும் சோப்புக்கு இந்த முறை பொருந்தாது.