தொப்பை குறைக்கிற பெப்டைட் ஊசியா? போடறதுக்கு முன்னாடி இதெல்லாம் செக் பண்ணுங்க

டெசமோரெலின்ங்கற பெப்டைட் ஊசிய (சின்ன புரதத் துண்டு மாதிரி, உடம்போட வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டற மருந்து) போட்டா தொப்பை கரையும்னு யாராவது சொன்னா, முதல்ல கேக்க வேண்டியது, யாருக்கு கரையும்? அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010ல இதுக்கு அனுமதி கொடுத்தது எச்ஐவியோட லிப்போடிஸ்ட்ரோஃபியும் (உடம்புல கொழுப்பு தாறுமாறா சேர்ற, குறையற கோளாறு) வந்து வயித்துக்குள்ள கொழுப்பு சேந்தவங்களுக்கு மட்டும்தான். உடம்பு எடை குறைக்க இது இல்லைன்னு லேபிள்லயே போட்டிருக்கு, அந்த வரிய தேடிப் படிங்க.

அடுத்து ஆய்வு. தினமும் 2 மில்லிகிராம்னு 26 வாரம் போட்டவங்களுக்கு உள்ளுறுப்பைச் சுத்தி இருக்கற கொழுப்பு சராசரியா 15 சதவீதம் கிட்ட குறைஞ்சுது, ஆனா தோலுக்கு அடியில, கையில பிடிச்சா வருதே, அந்தக் கொழுப்பு பெருசா மாறல, எடையும் கிட்டத்தட்ட அப்படியேதான், ஊசிய நிறுத்தினா போன கொழுப்பு திரும்ப வந்துடுது. விக்கறவங்க இதை மறைக்கறதுதான் எனக்கு கோவமே.

சுகர் ஏறலாம், ஐஜிஎஃப்-1ங்கற வளர்ச்சி சம்பந்தப்பட்ட ஹார்மோன் ஏறும், அதனால டாக்டர் பாக்காம, ரத்த டெஸ்ட் எடுக்காம தொடவே தொடாதீங்க. கர்ப்பிணிங்களுக்கும் கேன்சர் இருக்கறவங்களுக்கும் கூடவே கூடாது. போட்டிக்குப் போற விளையாட்டு வீரர்னா உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவோட தடைப் பட்டியல்லயும் இது இருக்கு.

குப்பியில 'ஆராய்ச்சிக்கு மட்டும்'னு எழுதியிருந்தா அது மனுஷனுக்குப் போட அனுமதிச்ச மருந்தே இல்ல, எவ்ளோ மலிவா கிடைச்சாலும் வாங்காதீங்க.