புதிய பதிப்புக்கு மாறிய பின் ஆட்டோகேட் மந்தமானால் எங்கே தேடுவது?

ஆட்டோகேட்டின் புதிய பதிப்பை நிறுவிய சில நாட்களுக்குள் சேலத்து வரைபட அலுவலகங்களில் எழும் முதல் பேச்சு பெரும்பாலும் "ரேம் ஏத்தணும்" என்பதாகவே இருக்கும். ஐந்து ரோட்டுப் பக்கம் வீட்டு வரைபடம் போட்டுத் தரும் சிறு அலுவலகமானாலும், ஜவ்வரிசி ஆலைகளுக்கு இயந்திரம் செய்து கொடுக்கும் பட்டறையானாலும், ஏற்காட்டு எஸ்டேட் நிலங்களை அளந்து காண்டூர் (சம உயரக் கோட்டு) வரைபடம் தரும் சர்வேயரானாலும், கடைக்குப் போவதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். இதே கணினியில், இதே கோப்பு, பழைய பதிப்பில் தடையின்றி ஓடியதென்றால், அன்று போதுமாயிருந்த ரேம் இன்று எப்படிப் போதாமல் போனது? உண்மையாகவே போதாமல் போவதும் உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம். பெரும்பாலான நேரங்களில் குறை பழைய பதிப்பிலிருந்து இழுத்து வந்த அமைப்புகளிலோ, கிராஃபிக்ஸ் கார்டிலோ, வரைபடக் கோப்பிலோ, அந்தக் கோப்பு வைக்கப்பட்டிருக்கும் இடத்திலோ இருக்கும்.

எது மந்தம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

மென்பொருள் திறக்க நேரமாகிறதா, கோப்பு திறக்க நேரமாகிறதா, ஜூம் செய்யும்போது திக்குகிறதா, கர்சரைக் கோட்டின் மேல் கொண்டுபோனால் நிற்கிறதா, சேமிக்கும்போது உறைகிறதா, பிரிண்ட் கட்டளை கொடுத்தால் சாளரம் வர மறுக்கிறதா என்பதைத் தனித்தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். கைப்பேசியின் ஸ்டாப்வாட்சில் ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தைக் குறித்து வைத்தால், பின்னர் செய்யும் மாற்றம் பலன் தந்ததா அல்லது நம் மனம்தான் அப்படி நினைக்கிறதா என்பது தெளிவாகும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தைத்தான் செய்ய வேண்டும். ஐந்தாறு அமைப்புகளை ஒன்றாக மாற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்றால், அடுத்த கணினியில் எதைச் செய்வதென்று யாருக்கும் தெரியாது.

அடுத்து மூன்று சோதனைகள். வெறும் புதிய வரைபடத்தைத் திறந்து நான்கு கோடுகள் போட்டுப் பாருங்கள். அதுவும் திக்கினால் குறை உங்கள் கோப்பில் இல்லை. மந்தமான கோப்பை அலுவலகத்தின் பொதுக் கோப்புறையிலிருந்து உங்கள் கணினியின் டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்துத் திறந்து பாருங்கள். அங்கே வேகமாக ஓடினால் குறை நெட்வொர்க்கில் இருக்கிறது. அதே கோப்பை அதே பதிப்பு உள்ள வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். அங்கும் மந்தமென்றால் கோப்பின் மீதே சந்தேகம் கொள்ளலாம்.

இந்தச் சோதனைகளின்போது டாஸ்க் மேனேஜரையும் திறந்து வைத்திருப்பது நல்லது. சிபியு பயன்பாடு 12 அல்லது 13 விழுக்காட்டில் நிற்பதைப் பார்த்து, கணினி சும்மாதானே இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. ஆட்டோகேட்டின் பெரும்பாலான வேலைகள் ஒரே ஒரு கோரில்தான் நடக்கின்றன. எட்டு லாஜிக்கல் பிராசசர்கள் காட்டப்படும் கணினியில் ஒன்று முழுமையாக உழைத்தால் மொத்தக் கணக்கில் 12.5 விழுக்காடுதான் தெரியும்.

பழைய பதிப்பிலிருந்து வந்த சாமான்கள்

புதிய பதிப்பு முதன்முறை திறக்கும்போது பழைய அமைப்புகளைக் கொண்டுவரவா என்று கேட்கும், நாமும் சம்மதம் சொல்லிவிடுவோம். குடிபெயரும்போது பரணில் கிடந்ததையெல்லாம் பிரித்துப் பார்க்காமல் வண்டியில் ஏற்றுவதைப் போன்றது இது. என் கணிப்பில், பதிப்பு மாற்றத்துக்குப் பின் வரும் மந்தத்துக்கு இதுவே முதல் காரணம். ரேம் விலை விசாரிப்பவர்கள் கடைசியில் பார்க்கும் இடமும் இதுதான்.

ஆப்ஷன்ஸ் சாளரத்தின் ஃபைல்ஸ் பகுதியில் சப்போர்ட் ஃபைல் சர்ச் பாத் என்ற பட்டியலை விரித்துப் பாருங்கள். முன்பு இருந்த சர்வரின் பெயர், இப்போது இல்லாத டிரைவ் எழுத்து, வேலையை விட்டுப் போன டிராஃப்ட்ஸ்மேனின் கோப்புறை போன்றவை அதில் இருந்தால், மென்பொருள் எழுத்துரு ஒன்றையோ லிஸ்ப் கோப்பு (ஆட்டோகேட்டுக்குள் ஓடும் சிறு நிரல்) ஒன்றையோ தேடும்போதெல்லாம் அந்த இடங்களையும் தட்டிப் பார்த்து, பதில் வராதென்று உறுதியாகும்வரை காத்திருக்கும். செத்துப்போன பாதைகளை நீக்குவது மட்டுமே மென்பொருள் திறக்கும் நேரத்தையும் கோப்பு திறக்கும் நேரத்தையும் கண்கூடாகக் குறைத்துவிடக் கூடும்.

அடுத்தது லிஸ்ப் நிரல்களும் பிளக்இன்களும். ஆட்டோகேட்டின் ஷார்ட்கட்டில் இலக்கு வரியின் இறுதியில் ஒரு சாய்கோடிட்டு சேஃப்மோட் என்ற சொல்லைச் (/safemode) சேர்த்துத் திறந்தால், வெளி நிரல் எதுவும் ஓடாமல் மென்பொருள் மட்டும் திறக்கும். அந்த நிலையில் வேகமாக இருந்தால், ஆப்லோட் கட்டளையின் ஸ்டார்ட்அப் சூட்டில் இருப்பவற்றை எல்லாம் நீக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது குற்றவாளி என்று கண்டுபிடிக்கலாம். 2025 பதிப்பு டாட்நெட் 8 என்ற அடித்தளத்துக்கு மாறியிருப்பதால், அதற்கு முந்தைய பதிப்புகளுக்காகத் தொகுக்கப்பட்ட டாட்நெட் பிளக்இன்களைச் செய்து கொடுத்தவரிடமிருந்து புதிதாக வாங்கியாக வேண்டும்; பழையதை நகலெடுத்து ஒட்டிப் பயனில்லை.

வரைபடக் கோப்புறைகளுக்குள் நீங்கள் வைக்காத லிஸ்ப் கோப்புகள் கிடந்தால் அவற்றைத் தனியாகக் கவனியுங்கள். ஆட்டோலிஸ்ப்பில் எழுதப்பட்ட வைரஸ்கள் நெடுநாளாகவே உண்டு. 2012இல் கண்டறியப்பட்ட மெட்ரே என்பது வரைபடங்களையே மின்னஞ்சல் வழியாக வெளியே அனுப்பியது. பென் டிரைவில் கோப்புகள் கைமாறும் பட்டறைகளில் இத்தகையவை கோப்புறைக்குக் கோப்புறை பரவியிருப்பது அரிதல்ல.

இவற்றாலும் பலனில்லையென்றால், ஸ்டார்ட் மெனுவில் ஆட்டோகேட் தொகுப்பின் கீழ் உள்ள ரீசெட் செட்டிங்ஸ் டு டிஃபால்ட் என்பதை இயக்கலாம். அது முதலில் உங்கள் அமைப்புகளைக் காப்பு எடுத்துக்கொள்ளவா என்று கேட்கும், கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிராஃபிக்ஸ்

கிராஃபிக்ஸ்கான்ஃபிக் கட்டளையைக் கொடுத்தால் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் (திரையில் வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கும் வசதி) எந்தக் கார்டில் ஓடுகிறது என்பது தெரியும். இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகள் உள்ள லேப்டாப்பில், புதிதாக நிறுவப்பட்ட பதிப்பை விண்டோஸ் புதிய மென்பொருளாகவே கருதுவதால், பழைய பதிப்புக்கு நீங்கள் கொடுத்திருந்த தேர்வு இதற்குப் பொருந்தாது. விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குள் உள்ள கிராஃபிக்ஸ் பட்டியலில் புதிய பதிப்பைச் சேர்த்து, ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று குறிக்க வேண்டும். டிரைவரை விண்டோஸ் அப்டேட்டிடம் விட்டுவிடாமல், கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து நேரடியாக நிறுவுவது நல்லது.

ஆக்சிலரேஷனை அணைத்துவிட்டால் வேகம் கூடுகிறது என்றால் குறை பெரும்பாலும் டிரைவரில்தான் இருக்கும். அணைத்த நிலையிலேயே காலம் தள்ளுவது தீர்வாகாது. ஏற்காட்டில் தங்கி வேலை செய்வோர் மின்சாரம் போன நேரத்தில் பேட்டரியில் சோதித்துவிட்டு முடிவுக்கு வர வேண்டாம். பேட்டரியில் லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

கர்சர் மட்டும் இழுபட்டால் செலக்‌ஷன்ப்ரிவ்யூ, ரோல்ஓவர்டிப்ஸ், ஹெச்பிகுயிக்ப்ரிவ்யூ ஆகிய மூன்று அமைப்புகளையும் கட்டளை வரியில் ஒவ்வொன்றாகச் சுழியமாக்கிப் பாருங்கள். லேயர்கள் நிறைந்த கோப்புகளில் லேயர்நோட்டிஃபை, லேயர்இவால் இரண்டையும் சுழியமாக்குவது உதவும். இணையம் மெதுவான இடங்களில், தொடக்கப் பக்கத்தைத் தவிர்க்க ஸ்டார்ட்மோட் சுழியமாக இருக்கட்டும்.

கோப்பே பாரமாக இருந்தால்

வழக்கமான சுத்தம் மூன்று படிகளில் முடியும்: ஆடிட் கொடுத்துப் பிழைகளைச் சரிசெய்வது, பர்ஜ் கொடுத்துப் பயன்படாத பிளாக்குகளையும் லேயர்களையும் நீக்குவது, ஓவர்கில் கொடுத்து ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டைக் கோடுகளை அகற்றுவது. பலருக்குத் தெரியாத நான்காவது படி ஒன்றுண்டு. பர்ஜ் என்ற சொல்லுக்கு முன் ஒரு கழித்தல் குறியிட்டுக் கட்டளை வரியில் கொடுத்தால் ரெக்ஆப்ஸ் (வெவ்வேறு நிரல்கள் கோப்பில் விட்டுச்சென்ற பதிவுப் பெயர்கள்) என்ற தேர்வு கிடைக்கும். பல அலுவலகங்களின் கைகளில் மாறி மாறிப் புழங்கிய கோப்புகளில் இவை ஆயிரக்கணக்கில் சேர்ந்து கிடக்கும், சாதாரண பர்ஜ் சாளரத்தில் இவை தென்படா. அதேபோல ஸ்கேல் பட்டியலையும் ரீசெட் செய்துவிடுங்கள்.

சர்வே வரைபடங்களுக்கு இது போதாது. ஏற்காட்டுச் சரிவு ஒன்றை நெருக்கமான இடைவெளியில் காண்டூர் போட்டால், ஒவ்வொரு கோட்டிலும் கணக்கற்ற முனைகள் இருக்கும். வேலைக்குத் தேவைப்படாத நேரத்தில் அந்த லேயரை ஆஃப் செய்யாமல் ஃப்ரீஸ் செய்ய வேண்டும்; ஆஃப் செய்த லேயரையும் ரீஜென் (திரையை மீண்டும் கணக்கிட்டு வரைதல்) கணக்கில் எடுத்துக்கொள்ளும், ஃப்ரீஸ் செய்ததை எடுத்துக்கொள்ளாது. ஆட்டோகேட் மேப் 3டி வைத்திருப்பவர்கள் மேப்க்ளீன் கட்டளையால் முனைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். பின்னணியில் செருகிய செயற்கைக்கோள் படத்தை அன்லோட் செய்துவிட்டு, பிரிண்ட் எடுக்கும்போது மட்டும் திரும்ப ஏற்றிக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமானது ஆயத்தொலைவு. யுடிஎம் முறையில் (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் முறை) ஏற்காட்டின் வடக்கு அளவு ஏறத்தாழ 13 லட்சம் மீட்டர். அதைக் கட்டட வரைபடத்துக்காக மில்லிமீட்டருக்கு மாற்றினால் 130 கோடி அலகாகிவிடும். மூலப்புள்ளியிலிருந்து அவ்வளவு தொலைவில் வரைந்தால் கோடுகள் நடுங்குவது, ஹேட்ச் நிரம்ப மறுப்பது, ஜூம் திக்குவது ஆகியவை தொடங்கும். யுசிஎஸ்ஸை (நாமே அமைத்துக்கொள்ளும் ஆய அச்சுகளை) நகர்த்துவது இதற்குத் தீர்வாகாது, ஏனெனில் பொருட்கள் உலக ஆயத்தொலைவிலேயே சேமிக்கப்படுகின்றன. சர்வே மூலத்தைத் தொடாமல் வைத்துவிட்டு, நகலொன்றில் ஒரு குறிப்புப் புள்ளியைத் தேர்ந்து, அதன் அளவுகளை வரைபடத்திலேயே எழுதிவைத்து, எல்லாவற்றையும் மூலப்புள்ளிக்கு அருகே நகர்த்தி வேலை செய்வதே வழி.

சேலம் மாவட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்றுண்டு. யுடிஎம் மண்டல எல்லையான 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை இந்த மாவட்டத்தின் ஊடாகவே போகிறது. சேலம் நகரமும் ஏற்காடும் 44ஆம் மண்டலத்தில், மேட்டூரும் எடப்பாடியும் 43ஆம் மண்டலத்தில் வருகின்றன. மேட்டூர்ப் புள்ளிகளின் கிழக்கு அளவு 8 லட்சம் மீட்டரை ஒட்டி இருக்கும், சேலத்தினுடையது 2 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். இரு மண்டலப் புள்ளிகளையும் மாற்றாமல் ஒரே கோப்பில் இறக்கியவர், ஏறத்தாழ 600 கி.மீ. அகலமுள்ள வரைபடம் ஒன்றைத் தம்மையறியாமல் வைத்திருப்பார். ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுத்ததும் திரையின் இரு ஓரங்களிலும் சிறு புள்ளிகள் மட்டும் தெரிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நெட்வொர்க், பிரிண்டர், சேமிப்பு

பொதுக் கோப்புறையில் உள்ள கோப்பை வைஃபை வழியாகத் திறந்து வேலை செய்வதைத் தவிர்த்து, லேன் கேபிளைப் பயன்படுத்துங்கள். கோப்பு இடம் மாறியதால் தொடர்பறுந்த எக்ஸ்ரெஃப்கள் (வரைபடத்தோடு இணைக்கப்பட்ட பிற வரைபடக் கோப்புகள்) இருந்தால் திருத்துங்கள், இல்லையேல் பிரித்துவிடுங்கள். பிரிண்ட் சாளரம் வரத் தாமதமானால், அணைந்து கிடக்கும் ப்ளாட்டரோ எப்போதோ கழற்றப்பட்ட நெட்வொர்க் பிரிண்டரோ டிஃபால்ட்டாக இருக்கிறதா என்று பாருங்கள். டிஃபால்ட்டைப் பிடிஎஃப் பிரிண்டருக்கு மாற்றினால் உடனே வேறுபாடு தெரியும்.

சேமிப்பதில் மட்டும் மந்தமென்றால் கோப்பு வடிவத்தைக் கவனியுங்கள். 2018 வடிவம் என்பதே 2018 முதல் 2025 வரையிலான பதிப்புகளின் வடிவம். வெல்டிங் பட்டறைக்காரரிடம் பழைய பதிப்பு இருக்கிறது என்பதற்காக ஆப்ஷன்ஸில் 2010 வடிவத்தை நிரந்தரமாக்கி வைத்திருந்தால், ஒவ்வொரு சேமிப்பின்போதும் கோப்பு முழுவதும் மாற்றி எழுதப்படும். அன்றாடம் புதிய வடிவத்தில் சேமித்துவிட்டு, வெளியே அனுப்பும்போது மட்டும் பழைய வடிவத்தில் நகலெடுப்பதே முறை.

இனி ரேம்

இத்தனைக்குப் பின்னும் மந்தமென்றால்தான் கணினியின் பக்கம் திரும்ப வேண்டும். 2025 பதிப்புக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி ரேம் கேட்கப்படுகிறது, பரிந்துரைக்கப்படுவது 32 ஜிபி. எனவே 8 ஜிபியில் உலாவியையும் வாட்ஸாப்பையும் திறந்து வைத்துக்கொண்டு பெரிய கோப்பில் வேலை செய்பவருக்குப் புதிய பதிப்பு உண்மையிலேயே நெருக்கடி தரும். டாஸ்க் மேனேஜரில் நினைவகம் தொடர்ந்து நிரம்பியே இருந்தால் ரேம் வாங்கலாம். நினைவகத்தில் இடமிருந்தும் மந்தமென்றால் அந்தப் பணத்தை எஸ்எஸ்டிக்குச் செலவிடுவது மேல். புதிய கணினியே வாங்குவதானால், கோர்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் ஒரு கோரின் வேகத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

அக்னி நட்சத்திர நாட்களில் மதியத்துக்குமேல் மட்டும் மந்தமாகும் கணினியில் வெப்பத்தைச் சந்தேகிக்கலாம். கிரைண்டிங் நடக்கும் பட்டறைக்குள்ளேயே வைக்கப்பட்ட கணினிகளில் இரும்புத் தூசி விசிறியை அடைத்திருக்கும். மின்னிணைப்பைத் துண்டித்த பிறகே அதைத் துடைக்க வேண்டும், அத்தூசி மின்சாரத்தைக் கடத்தும்.

இவ்வளவும் முடியும்வரை பழைய பதிப்பை நீக்காதீர்கள். இரண்டு பதிப்புகளும் ஒரே கணினியில் அருகருகே இயங்கும், சந்தா வைத்திருப்போர் முந்தைய மூன்று பதிப்புகள் வரை நிறுவிக்கொள்ளவும் அனுமதி உண்டு. அவசர வேலையைப் பழைய பதிப்பில் முடித்துக் கொடுத்துவிட்டு, ஓய்வான நேரத்தில் சோதனையைத் தொடரலாம். கடைசியில் வெளியாள் உதவியை நாடினால், பதிப்பின் முழு எண், கிராஃபிக்ஸ் டிரைவரின் எண், குறித்து வைத்த நேரங்கள், சேஃப்மோடில் கண்ட வேறுபாடு, மந்தமான கோப்பின் நகல் ஆகிய ஐந்தையும் சேர்த்து அனுப்புங்கள்.