நெயில் பாலிஷ்: பின்பக்க லேபிளைப் படியுங்கள்
பாட்டிலின் முன்பக்கம் ‘3 ஃப்ரீ’, ‘10 ஃப்ரீ’ (அத்தனை கெடுதல் ரசாயனங்கள் இதில் இல்லை) என்று போட்டிருந்தால் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அந்த எண்களுக்குப் பொதுவான வரையறை கிடையாது. பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படியுங்கள். டொலுயீன், டைபியூட்டைல் தாலேட், ஃபார்மால்டிஹைடு மூன்றும் வேண்டவே வேண்டாம். கடைசியாகச் சொன்னது ஃபார்மலின், மெத்திலீன் கிளைக்கால் என்ற பெயர்களிலும் வரும், குறிப்பாக நகத்தைக் கெட்டியாக்கும் ஹார்டனர்களில். முதலில் நகம் உறுதியானது போலத் தோன்றும். தொடர்ந்து பூசினால் வறண்டு நொறுங்கும்.

விளக்கொளியில் காட்டி இறுகவைக்கும் ஜெல் பாலிஷில், ‘ஹெமா’ (HEMA) என்ற ரசாயனம் இல்லாததாகத் தேடுங்கள். அது தோலில் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. அதனால் எந்த ஜெல்லானாலும் நகத்தைச் சுற்றியுள்ள தோலிலிருந்து 1 மி.மீ. தள்ளியே பூசுங்கள். பட்டுவிட்டால், விளக்கில் காட்டும் முன்பே துடைத்துவிடுங்கள்.

சாதாரண பாலிஷை நீக்க, ரிமூவரில் நனைத்த பஞ்சை 10 விநாடி நகத்தில் அழுத்திவைத்து ஒரே இழுப்பாக வழித்தெடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.