கரகரத் தொண்டைக்கு ஆளிவிதைக் கஞ்சி: முதல்முறை செய்பவர்களுக்கு

தைப்பூசக் காவடிக்குக் கோயில் வரை 'அரோகரா' போட்டுவிட்டு வந்தால் மறுநாள் குரல் கம்மிவிடும். மே மாதத்துக்கு மேல் மேட்டுநில ஊரான கியூர்பீப் பக்கத்துக் குளிரும் தூறலும் தம் பங்கைச் செய்யும். மொரிஷியஸ் வந்தும் நம் வீடுகளில் கை முதலில் போவது இஞ்சிக்கும் மிளகுக்கும்தான். சளி கட்டியிருந்தால் சரி. ஏற்கனவே புண்பட்டு வறட்டு இருமலில் தவிக்கிற தொண்டையில் காரத்தை ஊற்றினால் எரிச்சல்தான் கூடும். அதற்கு வழவழப்பாக ஏதாவது வேண்டும்.

ஆளிவிதை, சப்ஜா, வெந்தயம், வெண்டைக்காய் எல்லாவற்றிலும் இந்த வழவழப்பு உண்டு. இவற்றில் இருக்கும் நீளமான சர்க்கரை மூலக்கூறுச் சங்கிலிகள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கூழாகி, தொண்டையின் உள்சவ்வில் மெல்லிய படலமாகப் படிகின்றன. கிருமியைக் கொல்லாது. பட்ட இடத்தில் மட்டும், அதுவும் கொஞ்ச நேரம்தான் இதம் தரும். மூச்சுக்குழாய்க்குள் போய் எதுவும் செய்துவிடாது.

1. முழு ஆளிவிதை ஒரு மேசைக்கரண்டி எடுத்துக் கழுவுங்கள். கடைப் பொட்டலத்தில் 'கிரேன் த லேன்' என்று பிரெஞ்சில் இருக்கும். பொடித்தது வேண்டாம், வழவழப்பு மேல்தோலில்தான் இருக்கிறது, பொடி போட்டால் வடிகட்டவே முடியாது.

2. இரண்டு கப் தண்ணீரில் போட்டுச் சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். அடிக்கடி கிண்டுங்கள். முதலில் வெறும் தண்ணீராகத்தான் தெரியும். அப்புறம் நுரை தட்டி, கரண்டியைத் தூக்கினால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூலாக இறங்கும். அடுப்பை அணைக்க வேண்டிய நேரம் அதுதான். இன்னும் விட்டால் பசையாகிவிடும்.

3. சூட்டோடு வடிகட்டுங்கள். ஆறினால் இறுகி வலையிலேயே நின்றுகொள்ளும்.

4. வெதுவெதுப்பானதும் ஒரு கரண்டி தேன் சேர்க்கலாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

5. மடக்மடக்கென்று குடித்தால் வீண். ஒவ்வொரு வாயாகத் தொண்டையில் நிறுத்தி மெல்ல விழுங்குங்கள். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இந்தக் கூழ் மருந்து உடம்பில் சேருவதைத் தாமதப்படுத்தலாம். விழுங்கவே சிரமம், காய்ச்சல், இருமலில் ரத்தம், மூன்று வாரம் தாண்டிய இருமல் என்றால் அடுப்பங்கரையில் நேரம் கடத்தாமல் டாக்டரிடம் போங்கள்.

அடுப்பு பற்றவைக்கச் சோம்பலா? அலூடா என்கிற குளிர்ந்த பால் பானத்தில் போடும் துக்மரியா, அதாவது சப்ஜா, ஒரு தேக்கரண்டி எடுத்து ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறப் போடுங்கள். கறுப்பு விதையைச் சுற்றிச் சாம்பல் நிறக் கூழ் முழுதாகத் திரண்ட பிறகே வாயில் வையுங்கள். உலர்ந்த விதையை விழுங்கினால் உள்ளே போய் ஊதித் தொண்டையை அடைத்துவிடக்கூடும்.