மினி டிவி (MiniDV) கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி டிவிடி ஆக்கும் முறை

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டுவிழா என வீட்டு நிகழ்ச்சிகள் பலவும் மினி டிவி எனும் சிறிய டிஜிட்டல் வீடியோ கேசட்டுகளில்தான் பதிவாயின. கேசட்டுகள் அலமாரியில் பத்திரமாக இருந்தாலும், அவற்றை ஓட்டும் கேம்கார்டர்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகி வருகின்றன. எனவே கையில் உள்ள கேமரா ஓடும்போதே இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, இந்த நாடாவில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் தரவு என்பதாகும். ஃபயர்வயர் (FireWire) எனும் டிஜிட்டல் இணைப்புக் கேபிள் வழியாக எடுத்தால் நாடாவில் உள்ளது உள்ளபடியே கணினிக்கு வந்துசேரும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட ஏவி வயரில் எடுத்தாலோ, அது அனலாகாக மாறி மறுபடியும் டிஜிட்டலாக மாற்றப்படுவதால் தெளிவு குறைந்துவிடும். கேமராவில் யுஎஸ்பி துளை இருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். பெரும்பாலான மாடல்களில் அது மெமரி கார்டில் உள்ள புகைப்படங்களுக்கோ, தரம் குறைந்த சிறிய படத்துக்கோ மட்டுமே பயன்படும்.

ஃபயர்வயர் துளையைச் சோனி கேமராக்களில் ஐ-லிங்க் என்றும், மற்றவற்றில் பெரும்பாலும் டிவி (DV) என்றும் குறித்திருப்பார்கள். கேமரா பக்கம் 4 பின், கணினி பக்கம் வழக்கமாக 6 பின் என்பதால் அதற்கேற்ற கேபிளை வாங்க வேண்டும். இன்றைய கணினிகளில் இந்தத் துளை இல்லாததால், மேசைக் கணினியில் ஒரு ஃபயர்வயர் கார்டைப் பொருத்துவதே எளிய வழி. விண்டோஸ் 10-இல் கேமரா தென்படாவிட்டால், மைக்ரோசாஃப்ட் வழங்கும் ஃபயர்வயருக்கான பழைய 1394 டிரைவரை நிறுவிப் பார்க்கலாம். மேக்ஓஎஸ் 26-இல் ஃபயர்வயர் வசதி நீக்கப்பட்டுவிட்டதால், பழைய மேக் வைத்திருப்பவர்கள் அதைப் புதுப்பிக்காமல் இந்த வேலைக்கென ஒதுக்கிவைப்பது நல்லது.

கேபிளைச் செருகும்போது கேமராவும் கணினியும் அணைந்திருக்க வேண்டும். இல்லையெனில் கேமராவின் துளை கருகிப்போகும் ஆபத்து உண்டு. பேட்டரியை நம்பாமல் அடாப்டரில் இணையுங்கள். கேசட்டின் முதுகிலுள்ள சிறிய தாழ்ப்பாளை 'சேவ்' பக்கம் தள்ளிவிட்டால், கை தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய காட்சி அழியாது. நெடுநாள் ஓடாத நாடாவைக் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிய பிறகே படம் எடுக்கத் தொடங்க வேண்டும். ஆனால் நாடாவின் விளிம்பில் வெண்பொடி போல் பூஞ்சை தெரிந்தால், அந்தக் கேசட்டைக் கேமராவில் போடவே கூடாது. அது நாடாவைப் படிக்கும் ஹெட்டைக் கெடுத்து, அடுத்தடுத்த கேசட்டுகளுக்கும் பரவும்.

ஒரு மணி நேரப் படத்துக்கு ஏறத்தாழ 13 ஜிபி இடம் தேவை. கணினியின் வன்வட்டு என்டிஎஃப்எஸ் (NTFS) முறையில் இருக்கட்டும். ஃபேட்32 (FAT32) முறை வன்வட்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது என்பதால் 20 நிமிடத்துக்குள் பதிவு நின்றுவிடும். வின்டிவி (WinDV) என்ற சிறிய இலவச மென்பொருள் இதற்குப் போதும். கேமராவைப் பிளே நிலையில் வைத்து, மென்பொருளில் பதிவைத் தொடங்கிய பிறகு நாடாவை ஓட்டுங்கள். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும். அதுவரை அந்தக் கணினியில் வேறு கனமான வேலை வேண்டாம். மென்பொருள் காட்டும் விடுபட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கை கடைசிவரை சுழியமாகவே இருக்க வேண்டும்.

படத்தில் கட்டம் கட்டமாக உடைசல் தெரிந்தால், உடனே கேமராவின் சொந்தத் திரையைப் பாருங்கள். அதிலும் அதே உடைசல் இருந்தால் கோளாறு ஹெட்டிலோ நாடாவிலோ உள்ளது. துப்புரவுக் கேசட்டை அதன் உறையில் சொல்லியுள்ள சில விநாடிகள் மட்டும் ஓட்டிவிட்டு, அந்தப் பகுதியை மறுபடி எடுக்கலாம். கேமரா திரையில் படம் சுத்தமாக இருந்து, கணினியில் மட்டும் உடைந்தால் கேபிளையும் வன்வட்டையும் சோதிக்க வேண்டும். நீண்ட நேரப் பதிவு (LP) முறையில் எடுத்த கேசட்டுகள் வேறு கேமராவில் சரியாக ஓடாமல் போகலாம். முடிந்தால் எந்தக் கேமராவில் எடுத்தார்களோ அதிலேயே ஓட்டுங்கள்.

இனி டிவிடி. நம் நாட்டு வீடியோ முறையான பால் (PAL) முறையில் கேசட்டும் டிவிடியும் 720 x 576 அளவு, விநாடிக்கு 25 ஃபிரேம் என ஒன்றாகவே இருப்பதால் படத்தின் அளவை மாற்றத் தேவையில்லை. படத்தை டிவிடிக்கான எம்பெக்-2 வடிவத்துக்கு மாற்றும்போது 'கீழ் ஃபீல்டு முதலில்' (lower field first; ஃபீல்டு என்பது ஒரு ஃபிரேமின் பாதி வரிகள்) என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாறிப்போனால் ஆட்கள் நடக்கும்போதெல்லாம் படம் வெட்டி வெட்டி இழுக்கும். ஒலி 32 கிலோஹெர்ட்ஸில் பதிவாகியிருந்தால் 48-க்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரப் படத்துக்கு விநாடிக்கு 8 மெகாபிட் கொடுக்கலாம். இரண்டு மணி நேரத்தை 4.7 ஜிபி வட்டில் அடைக்க 5 மெகாபிட்டுக்கும் கீழே இறங்க வேண்டியிருக்கும், கூட்டம் நிறைந்த காட்சிகளில் அந்தக் குறை கண்ணுக்குத் தெரியும். ஆகவே ஒரு கேசட்டுக்கு ஒரு வட்டு என்பதே என் கருத்து. மெனு அமைக்க டிவிடிஸ்டைலர் என்ற மென்பொருள் போதும். நல்ல டிவிடி-ஆர் வட்டில் 4 மடங்கு அல்லது 8 மடங்கு வேகத்தில் எழுதி, வீட்டு பிளேயரில் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள்.

டிவிடி தயாரானதும் கேமராவிலிருந்து எடுத்த மூல ஏவிஐ (AVI) கோப்பை அழித்துவிட வேண்டாம். அதை இரண்டு தனித்தனி வன்வட்டுகளில் வைத்திருந்தால், பின்னாளில் எந்த வடிவத்துக்கும் தரம் குறையாத அந்தப் பிரதியிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம்.