சிசிஎன்ஏ பூட்கேம்ப்: சேர வேண்டியது எந்த வாரம்?

சிசிஎன்ஏ என்பது சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழ். அதற்கான ஐந்து நாள் பூட்கேம்ப்பில், அதாவது தீவிரப் பயிற்சி வகுப்பில், முதல் நாள் காலை பதினொன்றரை மணிக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, கட்டிய பணம் போச்சு என்று. பயிற்சியாளர் பலகையில் 172.16.45.77/20 என்று ஓர் ஐபி முகவரியை எழுதி, இது எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது என்று கேட்டார். நான் 45ஐ பைனரியாக மாற்றிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசைப் பையன் விடையைச் சொல்லிவிட்டான். பயிற்சியாளர் தலையாட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். ஐந்து நாளும் இதே கதைதான்.

அந்தத் தடவை தேர்வில் தோற்றேன். அதே இடத்தில் ஒரு வருடத்துக்குள் மறுபடி வந்து உட்காரலாம் என்று சலுகை இருந்தது. எட்டு மாதம் கழித்துப் போனேன். அதே பயிற்சியாளர், அதே ஸ்லைடு, அதே சமோசா. இந்த முறை ஏழு நாள் கழித்துத் தேர்வெழுதித் தேறினேன். இரண்டுக்கும் நடுவே நான் என்ன செய்தேன் என்பதுதான் இந்தப் பதிவு. சிசிஎன்ஏ தேர்வின் எண்ணான 200-301 என்றால் என்ன, எங்கே பதிவு செய்வது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பாடத்திட்டத்தை ஒரு தடவை முழுசாக ஓட்டிவிடுங்கள்

எல்லாம் புரிய வேண்டும் என்றில்லை. எந்தத் தலைப்பும் புதுசாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். சிஸ்கோவே ஆறு பகுதிகளாகப் பிரித்து எடையும் கொடுத்திருக்கிறது: நெட்வொர்க் அடிப்படைகள் 20 சதவீதம், நெட்வொர்க் ஆக்சஸ் 20, ஐபி கனெக்டிவிட்டி 25, ஐபி சர்வீசஸ் 10, பாதுகாப்பு 15, ஆட்டோமேஷன் 10. ஐந்து நாளில் இத்தனையையும் யாராலும் கற்றுக்கொடுக்க முடியாது. ஏற்கெனவே படித்ததை ஒழுங்குபடுத்தித் தரத்தான் முடியும்.

நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு தினம் ஒன்றரை மணி நேரம் படித்தேன். எனக்குப் பதினொரு வாரம் ஆனது.

படி 2: உங்களையே மூன்று சோதனை வைத்துப் பாருங்கள்

இதில்தான் நான் விழுந்தேன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

முதல் சோதனை சப்நெட்டிங், அதாவது ஓர் ஐபி முகவரி எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது, அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கணக்கிடுவது. பத்துக் கணக்கு, பத்து நிமிடம், ஒன்றுக்கு மேல் தப்பக் கூடாது. நான் ஒவ்வொரு தடவையும் முகவரியைப் பைனரியாக மாற்றி, கோடு போட்டு, மறுபடி தசமத்துக்குக் கொண்டுவருவேன். விடை சரியாகத்தான் வரும், ஆனால் நான்கு நிமிடம் போய்விடும். தேர்வுக்கு மொத்தமே 120 நிமிடம். ‘அடுத்து’ அழுத்திவிட்டால் பழைய கேள்விக்குத் திரும்பவும் முடியாது.

பைனரியை விட்டுவிட்டு இப்படிப் போடுங்கள். 172.16.45.77/20. /20 என்றால் முதல் இருபது பிட் நெட்வொர்க்குக்கு. ஓர் எண்ணுக்கு எட்டு பிட், அதனால் மூன்றாவது எண்ணில் நான்கு பிட் உள்ளே வருகிறது, ஆக மாஸ்க் (நெட்வொர்க் பகுதி எது என்று காட்டும் எண்) 255.255.240.0. 256இலிருந்து 240ஐக் கழித்தால் 16. மூன்றாவது எண்ணில் பதினாறு பதினாறாகத் தாவுங்கள்: 0, 16, 32, 48. நம்முடைய 45, 32க்கும் 48க்கும் நடுவில் இருக்கிறது. ஆக நெட்வொர்க் 172.16.32.0. அடுத்தது 48இல் தொடங்குவதால், அதற்கு ஒன்று முந்தையதான 172.16.47.255தான் பிராட்காஸ்ட் (அந்த நெட்வொர்க்கில் எல்லோருக்கும் போகும் முகவரி). மீதி பன்னிரண்டு பிட்டுக்கு 4096, அதில் நெட்வொர்க், பிராட்காஸ்ட் இரண்டும் போனால் 4094 முகவரிகள். முடிந்தது.

தினம் இருபது கணக்கு என்று மூன்று வாரம் போட்டேன். ஆப் எதுவும் வேண்டாம், பேப்பரும் பேனாவும் போதும். டீக்கடையில் நிற்கும்போது எதிரே போகும் பஸ்ஸின் நம்பரை வைத்துக்கூடப் போட்டிருக்கிறேன்.

இரண்டாவது சோதனை லேப். சிஸ்கோவின் நெட்வொர்க் சிமுலேட்டரான பேக்கெட் ட்ரேசரை வெறும் திரையாகத் திறந்துகொள்ளுங்கள். இரண்டு சுவிட்ச், இரண்டு ரவுட்டர், நான்கு பிசி. விலேன் 10, விலேன் 20 (ஒரே சுவிட்சில் தனித்தனி நெட்வொர்க்குகள்), சுவிட்சுகளுக்கு இடையே ட்ரங்க் (பல விலேன்களையும் சுமக்கும் இணைப்பு), முதல் ரவுட்டரில் ரவுட்டர் ஆன் எ ஸ்டிக் (ஒரே இன்டர்ஃபேஸைச் சப்இன்டர்ஃபேஸ்களாகப் பிரித்து விலேன்களை இணைப்பது), பிசிகளுக்கு டிஹெச்சிபி (முகவரியைத் தானாகக் கொடுப்பது), இரண்டாவது ரவுட்டரோடு ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் முறை). நோட்ஸைத் திறக்காமல் நாற்பது நிமிடத்தில் பிங் போக வேண்டும். சப்இன்டர்ஃபேஸ் எல்லாம் ஒழுங்காகப் போட்டுவிட்டு, மூல இன்டர்ஃபேஸில் ‘நோ ஷட்டவுன்’ கொடுக்க மறந்துவிட்டு அரை மணி நேரம் முழிப்பது எல்லோருக்கும் நடப்பதுதான். அதை வீட்டில் முழியுங்கள், அங்கே போய் வேண்டாம்.

மூன்றாவது, ரவுட்டரின் வழிப் பட்டியலைக் காட்டும் ‘ஷோ ஐபி ரூட்’ வெளியீட்டைப் பார்த்துப் பாக்கெட் எந்த வழியாகப் போகும் என்று சொல்வது. 10.1.1.0/24க்கு ஸ்டாட்டிக் (கையால் எழுதிய) வழி ஒன்று, 10.1.1.128/25க்கு ஓஎஸ்பிஎஃப் வழி ஒன்று. 10.1.1.130க்கு எது? ஸ்டாட்டிக்கின் ஏடி (வழியை எவ்வளவு நம்பலாம் என்ற எண், குறைந்ததற்கே முன்னுரிமை) 1, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, அதனால் ஸ்டாட்டிக் என்று சொன்னால் தப்பு. முதலில் பார்ப்பது நீளமான பிரிஃபிக்ஸ், அதாவது சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள பெரிய எண், ஆக /25தான். இரண்டு வழியும் ஒரே பிரிஃபிக்ஸுக்கு இருந்தால்தான் ஏடியின் பேச்சே வரும்.

மூன்றில் இரண்டு தேறினால் பூட்கேம்ப்புக்குப் பணம் கட்டலாம். ஒன்றுதான் தேறியது என்றால் இன்னும் மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள். மூன்றுமே சுலபமாக வருகிறதா? அப்படியானால் பூட்கேம்ப்பே வேண்டாம், அந்தப் பணத்தைத் தேர்வுக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 300 டாலரும் அதற்கு மேல் வரியும், கொஞ்சமா?

படி 3: சந்தேகப் பட்டியல் இல்லாமல் போகாதீர்கள்

இரண்டாவது முறை 23 கேள்விகள் எழுதிய ஒரு தாளோடு போனேன். ஏழாவது கேள்வி இது: 192.168.10.0 நெட்வொர்க்கை அனுமதிக்க ஓர் ஆக்சஸ் லிஸ்ட் (யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்று ரவுட்டருக்குச் சொல்லும் பட்டியல்) எழுதி, முகவரிக்குப் பின்னால் 255.255.255.0 என்று போட்டிருந்தேன். ரவுட்டர் எதிர்ப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டது. ஆனால் ஒரு பிசிகூட வெளியே போகவில்லை. அழித்துவிட்டு, நோட்ஸில் இருந்தபடி 0.0.0.255 போட்டதும் சரியாகிவிட்டது. ஏன் என்று மட்டும் தெரியவில்லை.

பயிற்சியாளர் பதில் சொல்லவில்லை. அந்தத் தப்பையே மறுபடி அடிக்கச் சொல்லி, ‘ஷோ ஆக்சஸ் லிஸ்ட்ஸ்’ போடச் சொன்னார். நான் கொடுத்த 192.168.10.0 அங்கே இல்லை, 0.0.0.0 255.255.255.0 என்று இருந்தது. முகவரிக்குப் பின்னால் வருவது மாஸ்க் அல்ல, வைல்டுகார்டு. வைல்டுகார்டில் 255 என்றால் “எதுவானாலும் சரி”, 0 என்றால் “அப்படியே பொருந்த வேண்டும்”. அதாவது முதல் மூன்று எண்கள் எதுவாகவும் இருக்கலாம், கடைசி எண் மட்டும் 0 ஆக இருக்க வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன். என் லேபில் எந்தப் பிசிக்கும் அப்படி முகவரி இல்லை. பட்டியலின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் ‘டினை’ (மறுப்பு) வரி எல்லோரையும் தடுத்துவிட்டது.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முதல் தடவையும் இதே ஆள்தான் எதிரே நின்றார். அன்றைக்கு அவரிடம் கேட்க என்னிடம் ஒரு கேள்வியும் இல்லை.

படி 4: தேர்வுத் தேதியை முதலில் பதியுங்கள், அப்புறம் பின்னோக்கி எண்ணுங்கள்

என் கணக்கு: 11 வாரம் படிப்பு, 12ஆவது வாரம் மேலே சொன்ன சோதனைகள், 13ஆவது வாரம் பூட்கேம்ப், 14ஆவது வாரம் வெள்ளிக்கிழமை தேர்வு. பூட்கேம்ப் முடிந்து ஒரு வாரம் இடைவெளி. முதல் தடவை “இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு எழுதலாம்” என்று ஏழு வாரம் இழுத்தேன். தேர்வுக்குப் போகும்போது வகுப்பில் கேட்டதில் பாதி ஞாபகத்தில் இல்லை. வெள்ளி முடித்து சனிக்கிழமையே எழுத வைக்கும் இடங்களும் உண்டு. அனுபவசாலிகளுக்கு அது சரிப்படலாம், புதியவர்களுக்கு வேண்டாம். ஓட்டை எங்கே என்று தெரிந்த பிறகு அடைக்க நாள் வேண்டாமா? தோற்றால் ஐந்து நாள் காத்திருக்க வேண்டும், கட்டணமும் மறுபடி முழுசாகத்தான்.

பணம் கட்டுவதற்கு முன் இன்னொன்று. 2024 ஆகஸ்ட் 20 முதல் தேர்வு 1.1 பதிப்புக்கு மாறிவிட்டது. பூட்கேம்ப் நடத்துபவர்களுடைய நோட்ஸின் பொருளடக்கத்தை வாங்கிப் பாருங்கள். ஆட்டோமேஷன் பகுதியில் பப்பெட், செஃப் என்ற கருவிகள் இருந்து டெராஃபார்ம் என்ற கருவி இல்லை என்றால் அது பழைய சரக்கு. “டம்ப்ஸும் (கசிந்த தேர்வுக் கேள்விகளும்) தருவோம்” என்று போனிலேயே சொன்னால் போனை வைத்துவிடுங்கள். மாட்டினால் சான்றிதழையே பறிப்பார்கள் என்பது ஒரு பக்கம், இன்டர்வியூவில் முதல் கேள்விக்கே குட்டு வெளிப்பட்டுவிடும்.

படி 5: அந்த ஐந்து நாளும், பிறகு வரும் ஏழு நாளும்

லீவு போடுங்கள். ஷிஃப்டையும் பூட்கேம்ப்பையும் சேர்த்து ஓட்டலாம் என்று நினைத்தால் மூன்றாம் நாள் மதியம் பெஞ்சிலேயே தூங்கிவிடுவீர்கள். சாயங்காலம் புதுசாக எதையும் தொடாமல், அன்றைய லேபை மட்டும் திரும்பச் செய்யுங்கள்.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பேக்கெட் ட்ரேசர் இலவசம், சிசிஎன்ஏக்கு அது போதும். ஜிஎன்எஸ்3 என்ற இன்னொரு சிமுலேட்டரை நிறுவி, அதற்கு ஐஓஎஸ் (சிஸ்கோ கருவிகளின் இயங்குதளம்) இமேஜ் தேடி அலைந்து நான் பத்து நாளைத் தொலைத்தேன். அது அடுத்த கட்டத்துக்கானது. போர்ட் எண்கள், ஏடி மதிப்புகள் மாதிரி மனப்பாடச் சமாச்சாரத்துக்கு ஆன்கி என்ற ஃபிளாஷ் கார்டு ஆப். மாதிரித் தேர்வுக்கு போசன் என்ற நிறுவனம், ஒவ்வொரு விடைக்கும் ஏன் சரி, ஏன் தப்பு என்று விளக்கம் தருகிறார்கள். கடைசி ஏழு நாளில் மூன்று மாதிரித் தேர்வு எழுதினேன். மீதி நேரமெல்லாம் தப்பு விட்ட இடங்களுக்கே போனது.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

“கம்பெனியே பணம் கட்டுகிறது, தேதி அவர்கள் கையில். நான் இன்னும் பாடத்தைத் தொடவே இல்லை.” முதலில் அடுத்த பேட்ச் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால், இருக்கிற இரண்டு வாரத்தில் சப்நெட்டிங்கும் விலேன் லேபும் மட்டும். ஆட்டோமேஷன், வயர்லெஸ் பக்கமே போகாதீர்கள். மறுபடி உட்கார அனுமதி உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

“சனி, ஞாயிறு வகுப்பு, மூன்று மாதம். இதற்கும் இதே கணக்குதானா?” இல்லை. அது சாதாரண வகுப்பு. பூஜ்யத்திலிருந்தே சேரலாம், நடுவில் ஐந்து நாள் யோசிக்க நேரம் கிடைக்கிறதே.

மூன்றாவது எனக்குத் தோன்றவே இல்லாத ஒன்று. ஒருவர் எல்லாம் முடித்துத் தேர்வு மையம் வரை போயிருக்கிறார். பதிவில் பெயருக்குப் பின்னால் ‘கே’ என்று ஒற்றை இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுசாக. உள்ளே விடவில்லை. நம் ஊர்ப் பெயர்களுக்கு இந்தத் தொல்லை எப்போதும் உண்டு. கொண்டுபோகப் போகிற அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள எழுத்துக்கு எழுத்து அப்படியே பதியுங்கள். ஏற்கெனவே வேறு மாதிரி பதிந்திருந்தால் திருத்தக் கேட்டு இன்றைக்கே எழுதுங்கள். பதில் வர நாளாகலாம்.