புது முறைக்கு மாறியதும் புராஜெக்ட் தேறியதா? அவசரத் தீர்ப்பில் நேரும் தவறுகள்

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓட்டல் ரூம் புக்கிங் வேலையை அக்டோபரில் எடுத்து, டிசம்பரில் கொடுப்பதாகச் சொல்லி, பிப்ரவரி வரை இழுத்துவிட்டார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டதும் புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்டை முதலில் எழுதி, அதிலிருந்து டிசைனையும் புரோகிராம் கோடையும் வளர்க்கும் டிடிடி (டெஸ்ட் டிரிவன் டெவலப்மென்ட்) முறைக்கு மாறினார்கள். அடுத்த ஓட்டல் வேலை மார்ச்சில் தொடங்கி, சொன்ன தேதியில் முடிந்தது. "டிடிடி கைகொடுத்துவிட்டது" என்று மேனேஜர் சொல்கிறார். கொடுத்திருக்கலாம். ஆனால் இந்தக் கணக்கு அதைக் காட்டவில்லை.

நன்றாக ஓடும்போது யாரும் முறையை மாற்றுவதில்லை. படுமோசமாகச் சொதப்பிய பிறகுதான் மாற்றுகிறார்கள். அவ்வளவு மோசமான ஒன்றுக்கு அடுத்து வருவது, எதையும் மாற்றாவிட்டாலும், பெரும்பாலும் கொஞ்சம் மேலாகத்தான் இருக்கும். அதனால் கடைசிப் புராஜெக்டோடு மட்டும் ஒப்பிடாமல், அதற்கு முந்தைய ஐந்தாறையும் எடுத்துப் பாருங்கள். புது முறையின் 'வெற்றி' பலவும் அங்கேயே கரைந்துவிடும்.

காலமும் வேறு, ஆட்களின் அனுபவமும் வேறு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே தீபாவளி லீவு, மழை, கரன்ட் கட். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, அந்த வாரம் எந்த முறையில் வேலை செய்தாலும் தேதி தள்ளித்தான் போயிருக்கும். தவிர, இரண்டாவது ஓட்டல் வேலையில் வார இறுதி வாடகை, கேன்சலேஷன், ஜிஎஸ்டி எல்லாம் டீமுக்கு ஏற்கெனவே அத்துப்படி.

அப்புறம் அளவுகோல். "சொன்ன தேதியில் முடிந்தது" என்பது வேலையின் தரத்தை மட்டும் சொல்வதில்லை, தேதியை எவ்வளவு தாராளமாகச் சொன்னோம் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அடி வாங்கியவர் அடுத்த முறை இரண்டு வாரம் கூட்டித்தானே சொல்வார்? பக், அதாவது புரோகிராமில் கண்டுபிடித்த பிழைகளின் எண்ணிக்கையும் இப்படித்தான். டெஸ்டர் கல்யாண லீவில் போன மாதம் பக் குறைந்திருக்கும். தேட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆய்வை மேற்கோள் காட்டும்போதும் பாதியை விட்டுவிடுகிறார்கள். மைக்ரோசாஃப்ட், ஐபிஎம் டீம்கள் நான்கைப் பற்றி 2008இல் வெளியான ஆய்வில், டிடிடி பயன்படுத்தியவர்களிடம் வெளியீட்டுக்கு முந்தைய குறைகள் 40 முதல் 90 சதவீதம் வரை குறைந்திருந்தன. மேடையில் இதைத்தான் சொல்வார்கள். தொடக்கக்கட்ட வேலை நேரம் 15 முதல் 35 சதவீதம் வரை கூடியதாக அந்த டீம்களின் நிர்வாகமே மதிப்பிட்டதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி பில்லிங்குக்கு அது நியாயமான விலை. மாசி மகத்துக்கு மட்டும் ஓடப்போகும் ஆப்புக்கு எனக்கென்னவோ அது அதிகமாகத் தெரிகிறது.

சரி, என்ன செய்யலாம்? எதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். உதாரணமாக, கொடுத்த பிறகு மூன்று மாதத்தில் ஓட்டல் ரிசப்ஷனிலிருந்து வந்த புகார்களில் எத்தனைக்குப் புரோகிராம் கோடைத் திருத்த வேண்டியிருந்தது? இரண்டு டீம் இருந்தால், யாருக்குப் புது முறை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். ஆர்வமாக முன்வருபவர்களுக்கே கொடுத்தால், நீங்கள் அளப்பது முறையை அல்ல, அவர்களுடைய திறமையை.

முறையை நிஜமாகவே பின்பற்றினார்களா என்பதையும் கிட் லாகில், அதாவது கோடில் எந்த மாற்றம் எப்போது சேர்ந்தது என்ற பதிவில், பார்த்துவிடுங்கள். டெஸ்ட் ஃபைல் அத்தனையும் ரிலீஸுக்கு முந்தின ராத்திரி ஒரே கமிட்டில் (ஒரே பதிவாக) வந்திருந்தால், அங்கே டிடிடி நடக்கவே இல்லை. அந்தப் புராஜெக்டை வைத்து அதைப் புகழவும் முடியாது, திட்டவும் முடியாது.